மாத்திரையின் கணக்கும் உடம்பின் கணக்கும்

எந்தப் பாடத்தையும் மாணவர் முன்னமே அறிந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசற்காட்டுப் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்விதியைப் பின்பற்றினேன். ஒரே ஒரு பாடத்தில் மட்டும் கைவிட்டேன். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மனித இனப்பெருக்கம் வரும் பக்கங்களை அடைந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்திற்குத் தாவிவிடுவேன். பெண் பிள்ளைகள் தலை கவிழ்ந்திருப்பார்கள். பின்வரிசைப் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார்கள். தப்பித்தோம் என்று எனக்கும் இருக்கும். நேயர்களே, இன்று நான் பேசப் போவது அந்தப் பக்கங்களைச் சேர்ந்த செய்திதான். காலங்கடந்து நடத்தும் பாடம் என்று கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை வெறித்திருந்த ஒரு மாலைப் பொழுதில், என் பழைய மாணவி ஒருத்தி தன் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தாள். தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நெடுநேரம் மழையைப் பற்றியும் உளுந்து விலையைப் பற்றியும் பேசிவிட்டு, தாய் மெல்லத் தொடங்கினாள்.

"சார், பிள்ளைக்கு ஒரு சங்கடம். ஆம்பிளைகிட்டச் சொல்லுற விஷயமில்லை. ஆனா, எங்களுக்கு வேற யாரைத் தெரியும்?"

செய்தி இதுதான். அப்பெண் பதின்மூன்றாம் வயதில் பூப்பெய்தியவள். அன்று முதலே அவளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்ததில்லை. சில முறை நாற்பது நாள், சில முறை இரண்டு மாதம் என்று தள்ளிப் போகும். வந்தால் பத்து நாள் நிற்காது. வெளியூரில் ஒரு மருத்துவர், நாள்தோறும் இரவில் ஒன்றாக ஆறு மாதம் உட்கொள்ளும்படி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது என்ன மாத்திரை, நிறுத்திய பின் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஆறு மாதமும் இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை தவறாமல் வந்தது. ஆறு அட்டையும் தீர்ந்தன. கடைசியாக ஒரு முறை வந்தது. அதன் பின் ஐம்பத்திரண்டு நாளாகியும் ஒன்றுமில்லை.

இதற்கிடையில் மருந்துக் கடைப் பையன் அட்டையைப் பார்த்து, "இது கருத்தடை மாத்திரையாச்சே!" என்று சொல்லிவிட்டான். பாட்டியின் காதில் அது விழுந்தது. "கர்ப்பப்பையை வத்த வச்சுட்டாங்க" என்று அவள் ஒரே அழுகை. உறவில் ஒரு சம்பந்தம் வேறு பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தி வெளியே போனால் என்ன ஆகும்? இன்னோர் அட்டை வாங்கிக் கொடுத்து வரவழைத்துவிடலாமா என்று தாய் என்னைக் கேட்டாள்.

அதுவரை பேசாதிருந்த பெண் தலை நிமிர்ந்து, "ஆறு மாசம் கடிகாரம் மாதிரி வந்துச்சு சார். மாத்திரையை விட்டதும் நின்னு போச்சு. அப்படீன்னா மாத்திரைதானே கெடுத்துச்சு?" என்றாள்.

நல்ல கேள்வி. முன்னது காரணம், பின்னது காரியம் என்று வகுப்பில் நாங்கள் கற்பிக்கும் முறையில்தான் கேட்டாள். ஆனால், எனக்கு விடை தெரியவில்லை. மறுநாட்காலை என் மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு, அவர்களை அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிச் சென்றேன். இனி நான் சொல்வன அவர் எடுத்துச் சொன்னவையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவையும் ஆகும்.

மருத்துவர் முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். எதற்கென்று புரிந்ததும் தாயின் முகம் கறுத்துவிட்டது. "அம்மா, நாள் தள்ளிப் போச்சுன்னு கலெக்டர் மகளே வந்தாலும் முதல்ல இதைத்தான் பார்ப்போம். இது சந்தேகம் இல்லை, முறை" என்றார் அவர். நம் வட்டாரத்தில் கருவுற்றவளை "முழுகாமல் இருக்கிறாள்" என்கிறோம் அல்லவா? விலக்கு வரவில்லை, தலை முழுகவில்லை என்பதே அதன் பொருள். மருத்துவர் செய்ததும் அந்தச் சொல் வழக்கில் உள்ள அறிவைத்தான். ஆனால் நாள் தள்ளுவதற்குக் காரணம் அது ஒன்றே அன்று. பரிசோதனையில் கரு இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேச்சுத் தொடங்கியது.

மாதவிடாய் எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மூளையின் அடியில் பயற்றளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. அது இரத்தத்தில் இரண்டு இயக்குநீர்களை, அதாவது ஹார்மோன்களை, அனுப்பி அண்டகத்திற்குக் கட்டளையிடுகிறது. அண்டகத்தில் ஒரு முட்டை முதிர்கிறது. முதிரும்போதே ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஊறுகிறது. அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. முட்டை வெளிப்பட்டபின் புரொஜெஸ்டிரோன் என்னும் மற்றொன்று ஊறி, அச்சுவரைக் கருவுக்கு ஏற்ற மெத்தையாக்குகிறது. கரு அமையாவிட்டால் இரு வாரங்களில் இவ்விரண்டும் குறைகின்றன. தாங்கியிருந்தது நீங்கியதால் உட்சுவர் உதிர்கிறது. அந்த உதிர்வே மாதவிடாய். இருபத்தெட்டு நாள் என்பது சராசரிக் கணக்கு. வளர்ந்த பெண்ணுக்கு ஐந்து வாரம் வரையில் போவதும் இயல்பே. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இன்னும் முன்பின்னாக வரும்.

கருத்தடை மாத்திரையில் இருப்பன இவ்விரு ஹார்மோன்களின் செயற்கை வடிவங்களே. நாள்தோறும் அவை வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால், 'இரத்தத்தில் வேண்டிய அளவு இருக்கிறதே, நாம் கட்டளையிட வேண்டியதில்லை' என்று பிட்யூட்டரி அடங்கிவிடுகிறது. முட்டை முதிர்வதில்லை. நான் ஒரு முறை கண்புரை அறுவைக்காக ஒரு மாதம் விடுப்பில் இருந்தேன். பொறுப்புத் தலைமையாசிரியராக வந்தவர் எல்லாவற்றையும் மணிப்படி நடத்தினார். அவர் போய் நான் வந்து நாற்காலியில் அமர்ந்த பிறகும் பள்ளி பழைய நடைக்குத் திரும்பப் பத்து நாளாயிற்று. வந்தவர் பள்ளியைக் கெடுத்துவிட்டார் என்று சொல்லலாமா? மாத்திரை அப்படிப்பட்ட ஒரு பொறுப்பதிகாரி.

இனி, அப்பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாத்திரை உண்ட காலத்தில் கடிகாரம் போல் வந்ததே, அது என்ன? அது மாதவிடாயே அன்று. நம் அரசாங்கம் இலவசமாக வழங்கும் மாலா-என் அட்டையை எடுத்துப் பாருங்கள். 28 மாத்திரைகளில் 21 வெள்ளை. அவற்றில்தான் ஹார்மோன் இருக்கிறது. மற்ற 7 பழுப்பு. அவை வெறும் இரும்புச் சத்து. வெள்ளை தீர்ந்து பழுப்புத் தொடங்கியதும் ஹார்மோன் திடீரென்று நிற்கிறது. இரண்டு மூன்று நாளில் உட்சுவர் உதிர்கிறது. முட்டை முதிரவுமில்லை, வெளிப்படவுமில்லை. அட்டை இருபத்தெட்டு நாளுக்கு அமைந்திருப்பதால் உதிரமும் இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை வருகிறது. அந்த ஒழுங்கு அட்டையின் ஒழுங்கு. அவள் உடம்பின் ஒழுங்கு அன்று. கடைசி அட்டைக்குப் பின் வந்ததும் அத்தகைய உதிர்வே. ஆகவே, ஐம்பத்திரண்டு நாள் என்று அவர்கள் எண்ணியது, உடம்பு தன் சொந்தக் கணக்கைத் தொடங்கிய நாளிலிருந்துதான்.

இந்த ஏற்பாட்டிற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஜான் ராக் என்ற மருத்துவர், 1950-களின் தொடக்கத்தில், பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்கள் எண்பது பேருக்கு இவ்விரு ஹார்மோன்களையும் சில மாதங்கள் இடைவிடாமல் கொடுத்துப் பார்த்தார். கருத்தடைக்காக அன்று, அண்டகத்திற்குச் சிறிது காலம் ஓய்வு கொடுத்தால் பின்னர்க் கருவுறக் கூடுமோ என்பது அவருடைய எண்ணம். மருந்துக் காலத்தில் விலக்கு வரவில்லை. அப்பெண்களில் பலர், தாம் கருவுற்றுவிட்டதாகவே நம்பி ஏமாந்து வருந்தினர். 'முழுகாமல்' என்ற நம் ஊர்ச் சொல்லின் கணக்கு பாஸ்டன் நகரத்திலும் அதுவாகவே இருந்தது போலும்! பிறகு கிரிகரி பின்கஸ் என்னும் அறிஞர், மாதத்தில் இருபது நாள் கொடுத்து இடையில் நிறுத்தினால் மாதந்தோறும் உதிரம் வரும், பெண்கள் கலங்கமாட்டார்கள் என்று யோசனை கூறினார். அந்த இடைவெளி இன்று வரை அட்டையில் தொடர்ந்து வருகிறது.

அந்த எண்பது பேர் கதை அதனுடன் முடியவில்லை. மருந்தை நிறுத்திய நான்கு மாதங்களுக்குள் பதின்மூன்று பேர் உண்மையாகவே கருவுற்றனர். ஒப்பிட்டுப் பார்க்க மருந்துண்ணாத மற்றொரு கூட்டம் இல்லாமையால், மருந்துதான் அதற்குக் காரணம் என்று துணிந்து சொல்ல இயலாது. ஆயினும், கர்ப்பப்பையை வற்றச் செய்யும் என்று பாட்டி அழுத மருந்தின் வரலாறு பிள்ளை வேண்டி வந்தவர்களிடமிருந்து தொடங்குகிறது என்பதைக் கேட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. அமெரிக்க அரசு இம்மாத்திரையை 1957-இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாகத்தான் முதலில் அனுமதித்தது. கருத்தடைக்கு அனுமதித்தது 1960-இல். கல்லூரி மாணவிக்கு மருத்துவர் இதை எழுதிக் கொடுத்தால், அது இதன் பழைய பயனே. அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

சரி, நிறுத்திய பின் எத்தனை நாளில் சொந்த மாதவிடாய் வரும்? பெரும்பாலோருக்கு நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குள். சிலருக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகலாம். முதல் சில முறை முன்பின்னாக வரும். மாத்திரைக் காலத்தில் உட்சுவர் மெலிந்திருந்தமையால் உதிரமும் குறைவு, வலியும் குறைவு. இப்போது சுவர் பழையபடி தடிக்கிறது. ஆகவே உதிரமும் வலியும் முன்போல் கூடும். முகப்பருவும் திரும்பக்கூடும். மூன்று மாதம் கடந்தும் வராவிட்டால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைப்பேற்றைப் பற்றிய அச்சத்திற்கும் விடை உண்டு. மாத்திரையை நிறுத்திக் கருவுற விரும்பிய பெண்களைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஓராண்டுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேர் கருவுறுகின்றனர். மாத்திரையையே தொடாதவர்களின் அளவும் ஏறக்குறைய இதுவே. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் அண்டகங்களில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைக் கருக்கள் இருக்கின்றன. பூப்பெய்தும் வேளையில் மூன்று நான்கு லட்சம் எஞ்சியிருக்கும். மாத்திரை இந்தக் களஞ்சியத்தை வற்றச் செய்வதில்லை. மணமானவர்களுக்கு நேர்மாறான ஓர் எச்சரிக்கையே தேவை. முதலில் முட்டை வெளிப்படுகிறது. இரு வாரம் கழித்தே மாதவிடாய். ஆகவே, நிறுத்திய பிறகு ஒரு முறைகூட விலக்கு வராமலே கருத்தரிப்பதும் உண்டு. 'இன்னும் விலக்கே வரவில்லையே' என்று இருந்துவிடலாகாது.

அப்படியானால் இப்பெண்ணுக்கு ஏன் தாமதம்? மருத்துவர் அவளைப் பார்த்து, "மாத்திரைக்கு முன்னாடி உனக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வந்தது?" என்று கேட்டார். "நாற்பது நாள், ரெண்டு மாசம்" என்றாள். "இப்போ எத்தனை நாள் ஆச்சு?" "ஐம்பத்து மூணு." மருத்துவர் சிரித்தார். பெண்ணும் சற்று நேரத்தில் சிரித்துவிட்டாள். மாத்திரை புதிதாக எதையும் கெடுக்கவில்லை. முன்னே இருந்த ஒழுங்கின்மையை ஆறு மாதம் மூடி வைத்திருந்தது, அவ்வளவே. மூடியை எடுத்ததும் பழையது தெரிகிறது. இப்போது கேட்க வேண்டியது, முதலிலேயே ஏன் ஒழுங்கில்லை என்பதைத்தான். தைராய்டுச் சுரப்பியின் குறைபாடாகலாம்; உடல் எடை மிகக் கூடியதோ குறைந்ததோ ஆகலாம்; மக்கள் நீர்க்கட்டி என்று சொல்லும் அண்டகக் கோளாறாகலாம். பெயர்தான் கட்டியே ஒழிய, முற்ற முதிராமல் நின்றுவிட்ட முட்டைப் பைகளே அவை. இன்னோர் அட்டையை வாங்கிக் கொடுத்தால் மறுபடியும் உதிரம் வரும். கேள்வி அப்படியே கிடக்கும். தாமாகக் கடைக்குப் போய் வாங்க வேண்டாம் என்று மருத்துவர் திட்டமாகச் சொன்னார்.

வேறு சில மருந்துகளின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. நம் அரசு 2017-இல் 'அந்தரா' என்ற பெயரில் தொடங்கிய, மூன்று மாதத்திற்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி உடம்பில் மெல்லக் கரைவது. அதை நிறுத்திய பின் கருவுறும் நிலை திரும்ப மாத்திரையைவிடச் சில மாதங்கள் கூடுதலாகும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யானந்த் முதலிய அறிஞர் உருவாக்கிய 'சஹேலி' 1991-இல் விற்பனைக்கு வந்தது. இன்று அரசுத் திட்டத்தில் 'சாயா' என்று வழங்குகிறது. வாரக் கணக்கில் உண்ணும் மாத்திரை அது. உண்ணும்போதே சிலருக்கு விலக்கு நாள் தள்ளிப் போகும்.

ஆனால், நம் ஊரில் கல்லூரிப் பிள்ளைகள் மிகுதியாக அறிந்த மாத்திரை இவை எவையும் அல்ல. நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையே. செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழா, வீட்டில் ஒரு கல்யாணம், கல்லூரிச் சுற்றுலா என்றால், தாய்மாரே கடையில் சீட்டின்றி வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தள்ளிப்போடுவதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு முடிவு. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அதன் வேலையை அறிந்திருக்க வேண்டும். அதில் உள்ளது நோரெத்திஸ்டிரோன். 1951-இல் மெக்சிகோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு முதன்முதலில் செய்யப்பட்டது. தொடக்கக் காலக் கருத்தடை மாத்திரைகளிலும் சேர்ந்த பொருள்தான். உண்ணும் வரை அது உட்சுவரைத் தாங்கிப் பிடிக்கும். விட்ட இரண்டு மூன்று நாளில் சுவர் உதிரும். சிலருக்கு வழக்கத்திலும் மிகுதியாக. அடுத்த மாதக் கணக்கு பழைய தேதிக்குத் திரும்பாது. 'மாத்திரை குழப்பிவிட்டது' என்று வீட்டில் பேசுவது இதையே. தள்ளிப்போட உண்ணும் முறையில் அதைக் கருத்தடையாக நம்பவும் கூடாது. காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உடையவர்களுக்கும், ஈரல் நோய் உடையவர்களுக்கும் இது ஆகாது. மருந்துக் கடைப் பையன் இவற்றைக் கேட்டா கொடுக்கிறான்?

இவ்வளவும் பேசி முடித்து எழுந்தோம். அப்போது இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. மருத்துவர் அதைப் பார்த்ததும் எங்களை மறுபடியும் உட்காரச் சொன்னார். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டியவளுக்கு எட்டரைதான் இருந்தது. நாள் தள்ளிப் போனதைப் பற்றி வீடே கலங்கியது. வந்தபோதெல்லாம் பத்து நாள் நிற்காமல் போன உதிரத்தைப் பற்றி ஐந்தாறு ஆண்டுகளாக ஒருவரும் கவலைப்படவில்லை! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னதைச் சோம்பல் என்று எண்ணினார்களாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுத்த நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை இவள் என்ன செய்தாள் என்று கேட்டேன். தலைகுனிந்து, ஜன்னலுக்கு வெளியே எறிந்ததாக ஒப்புக்கொண்டாள். அப்போது தலைமையாசிரியனாக இருந்தவன் நானேதான், அதைக் கவனிக்கவில்லை.

வீட்டிற்கு வந்து பாட்டியிடம் நானே பேசினேன். பருத்தியும் கம்பும் விதைத்துக் காலங்கழித்த மூதாட்டி அவர். "பாட்டி, சித்திரையிலே நம்ம கரிசல் ஆள் கால் போகிற அளவு வெடிச்சுக் கிடக்குது. அதைப் பார்த்து மண்ணு செத்துப் போச்சுன்னு சொல்லுவீங்களா?" என்றேன். "மண்ணு வேற, பிள்ளை வேற, சார். டாக்டரம்மா என்ன சொன்னாங்க, அதைச் சொல்லுங்க" என்றார். உவமை சொல்லித்தான் பாடம் நடத்த வேண்டும் என்று யார் சொன்னார்கள்? டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

அப்பெண் அன்று முதல் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், வரும் நாளையும் நிற்கும் நாளையும் குறித்து வைக்கிறாள். அறுபத்தேழாம் நாள் வந்தது. அடுத்தது நாற்பத்தைந்து நாளில். அந்தத் தாளைத்தான் மருத்துவர் அடுத்த முறை முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தார். தைராய்டில் குறையில்லை. ஸ்கேன் செய்ததில் நீர்க்கட்டிக் கோளாறு என்று தெரிந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முன்னமே இருந்திருக்க வேண்டும் என்றார். உணவு, நடை, எடை ஆகியவற்றில் செய்ய வேண்டுவனவற்றை எழுதிக் கொடுத்தார். மறுபடியும் மாத்திரை வேண்டியிருக்குமா என்பதைச் சித்திரையில் பார்க்கலாம் என்றார். வேண்டியிருந்தால் எதற்காக, எத்தனை மாதம், நிறுத்திய பின் என்ன நடக்கும் என்று இம்முறை பெண்ணே கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கக்கூடாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறாள். பங்குனியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் பத்தே முக்காலுக்கு ஏறியிருந்தது.